கருவை வைப்பதற்கு முன் மரபணுச் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.வி.எஃப். சிகிச்சைக்கு வருபவர்களுக்கும், மரபணு நோய் உள்ள குடும்பங்களுக்கும் ஆலோசனை சொல்வது என் வேலை. ஊரும் ஆளும் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். அடிப்படை தெரிந்தவர்கள் முதல் இரண்டைத் தாண்டிப் போகலாம். 3-ஆம் கேள்வியை மட்டும் விட்டுவிட வேண்டாம், பின்னால் வரும் பதில்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன.

1. பி.ஜி.டி.ன்னு எழுதிக் குடுத்திருக்காங்க மேடம், அது ரத்த டெஸ்ட்டா?

இல்லை. ஐ.வி.எஃப். முறையில் ஆய்வகத்தில் வளரும் கருவிலிருந்து சில செல்களை எடுத்து, கருவைக் கர்ப்பப்பையில் வைப்பதற்கு முன்பே பார்க்கும் சோதனை இது. அதனால் ஐ.வி.எஃப். செய்யாமல் இதைச் செய்ய வழியே இல்லை. குழந்தைப்பேற்றில் எந்தச் சிக்கலும் இல்லாத தம்பதியாக இருந்தாலும், இந்தச் சோதனைக்காகவே ஊசி, முட்டை எடுப்பு என்று எல்லாவற்றையும் கடந்தாக வேண்டும்.

புதிய விஷயமும் இல்லை. லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆலன் ஹேண்டிசைடு குழுவினர் 1990-லேயே இதைச் செய்துவிட்டார்கள். ஆண் குழந்தைகளைத் தாக்கும் பரம்பரை நோய் இருந்த குடும்பங்களுக்காகத் தொடங்கியது அது.

2. கருவைக் கிள்ளி எடுத்தா குழந்தைக்குக் கை கால் ஏதாவது குறையாதா?

இந்தப் பயம் இல்லாத பாட்டியை நான் பார்த்ததில்லை. ஐந்தாவது அல்லது ஆறாவது நாளில் கரு 'பிளாஸ்டோசிஸ்ட்' என்ற நிலைக்கு வரும். அப்போது அதில் நூறுக்கும் மேற்பட்ட செல்கள் இருக்கும். உள்ளே ஓரமாக ஒட்டியிருக்கும் செல் கொத்துதான் குழந்தையாகப் போவது. வெளிச்சுவரில் உள்ளவை நஞ்சுக்கொடியாகப் போகிறவை. செல்களை எடுப்பது அந்த வெளிச்சுவரிலிருந்துதான், அதுவும் ஐந்து முதல் பத்து வரைதான். கை, கால், விரல் எதுவும் அந்த நாளில் உருவாகியிருக்காது.

கருவுக்கே ஆபத்து இல்லையா என்றால், அனுபவமில்லாத கையில் கொஞ்சம் உண்டு. எடுக்கும்போது கரு நலிந்துபோகலாம், உறைய வைத்து எடுக்கும்போது தப்பாமல் போகலாம். ரிப்போர்ட் வரச் சில வாரம் ஆகும் என்பதால் கருவை உறைய வைத்துத்தான் ஆக வேண்டும், வைப்பது பிறகொரு மாதத்தில். பயாப்ஸி (செல் எடுப்பது) செய்கிற எம்ப்ரியாலஜிஸ்ட்டுக்கு (ஆய்வகத்தில் கருவைக் கையாளும் நிபுணர்) எத்தனை வருட அனுபவம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

3. ஏ-ங்கறாங்க, எம்-ங்கறாங்க, எஸ்.ஆர்.-ங்கறாங்க. எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. பி.ஜி.டி. என்ற பெயருக்குப் பின்னால் ஒட்டி வரும் எழுத்துகள் இவை, ஒவ்வொன்றும் வேறு சோதனை. வருகிற குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. 'எம்' என்பது ஒரு குறிப்பிட்ட மரபணு நோய்க்கானது: தலசீமியா (ரத்த நோய்), ஸ்பைனல் மஸ்குலர் அட்ராபி (தசைகள் பலமிழக்கும் நரம்பு நோய்), டுஷேன் தசைச்சிதைவு போன்றவை. எந்த மரபணுவில் எந்தப் பிழை என்று முன்பே தெரிந்திருந்தால் மட்டும்தான் இதைச் செய்ய முடியும். 'எஸ்.ஆர்.' என்பது கணவனுக்கோ மனைவிக்கோ குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) துண்டுகள் இடம் மாறி இருந்தால் செய்வது. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும். அவர்களுக்கு உடம்பில் ஒரு கோளாறும் தெரியாது, ஆனால் கரு திரும்பத் திரும்பக் கலையலாம்.

'ஏ' என்பது குரோமோசோம் எண்ணிக்கை பார்ப்பது. 46 இருக்க வேண்டிய இடத்தில் 45 அல்லது 47 இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதில் தலசீமியா தெரியாது, காது கேளாமை தெரியாது. குடும்பத்தில் மரபணு நோய் உள்ள ஒருவர் 'ஏ' மட்டும் செய்துவிட்டு 'ஜெனடிக் டெஸ்ட் பண்ணியாச்சு, நார்மல்' என்று நிம்மதியாக இருப்பதுதான் எனக்குத் தெரிந்து மிக ஆபத்தான தவறு. கையெழுத்துப் போடுவதற்கு முன் பி.ஜி.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

4. எங்க வீட்ல எந்த வியாதியும் இல்ல, எனக்கு 31 வயசு. 'ஏ' டெஸ்ட் சேர்த்துக்கிட்டா சக்சஸ் ரேட் ஏறும்னு சொல்றாங்களே?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சோதனையால் எந்தக் கருவும் நல்ல கருவாக மாறுவதில்லை. உங்களிடம் நான்கு கருக்கள் இருந்து அதில் இரண்டு நல்லவை என்றால், சோதனைக்குப் பிறகும் இரண்டுதான் நல்லவை. எதை முதலில் வைப்பது என்று வேண்டுமானால் தெரியும்.

2007-இல் நெதர்லாந்தில் 35 முதல் 41 வயது வரையிலான பெண்களிடம் செய்த ஆய்வில், சோதனை செய்த குழுவில் கர்ப்பம் குறைந்தது: 37 சதவீதத்துக்குப் பதில் 25 சதவீதம். அன்றைக்கு மூன்றாம் நாள் கருவிலிருந்து ஒரே ஒரு செல்லை எடுத்தார்கள், தொழில்நுட்பமும் பழையது. சரி, புதிய முறையில்? 2021-இல் சீனாவில் 1,212 பெண்களிடம் செய்த பெரிய ஆய்வு வெளியானது. 37 வயது வரையிலானவர்கள், ஒவ்வொருவரிடமும் குறைந்தது மூன்று நல்ல பிளாஸ்டோசிஸ்ட். மூன்று முறை வரை கரு வைத்துப் பார்த்தபோது குழந்தை பிறந்தது சோதனை செய்தவர்களில் 77.2 சதவீதம் பேருக்கு, செய்யாதவர்களில் 81.8 சதவீதம் பேருக்கு. கருச்சிதைவு மட்டும் சோதனைக் குழுவில் குறைந்தது, 12.6-க்குப் பதில் 8.7 சதவீதம். இந்த ஒரு நன்மையை நான் மறைக்க மாட்டேன். ஒருமுறை கலைந்த வலியை அனுபவித்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அப்படியென்றால் விளம்பரத்தில் 70 சதவீதம் என்று எப்படிப் போடுகிறார்கள்? அது 'வைத்த கரு ஒன்றுக்கு' என்ற கணக்கு. சோதனையில் ஒரு கருவும் தேறாமல் வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. நீங்கள் கேட்க வேண்டியது, 'என் வயசில் சிகிச்சை தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்' என்று. அமெரிக்காவின் இனப்பெருக்க மருத்துவச் சங்கமும், எல்லா நோயாளிகளுக்கும் வழக்கமாக இதைச் செய்வதன் பலன் இன்னும் நிரூபணம் ஆகவில்லை என்றுதான் 2024-இலும் சொல்லியிருக்கிறது. 31 வயதில், வேறு காரணம் இல்லாதபோது, அந்தப் பணத்தை அடுத்த டிரான்ஸ்ஃபருக்கு (கரு வைப்பதற்கு) எடுத்து வையுங்கள் என்பேன்.

5. எனக்கு 41. அப்ப எனக்கும் வேண்டாம்கறீங்களா?

உங்கள் கணக்கு வேறு. வயது ஏற ஏற முட்டையில் குரோமோசோம் எண்ணிக்கை பிசகுவது கூடும். முப்பதை ஒட்டிய வயதில் மூன்றில் ஒரு கரு அளவில் இருக்கும் கோளாறு, 40-இல் பாதியைத் தாண்டிவிடும், 42-இல் நான்கில் மூன்று. கையில் ஐந்தாறு கரு இருந்தால், தேறாத கருவை ஒவ்வொன்றாக வைத்து மாதங்களை இழப்பதைவிடப் பார்த்து வைப்பது நியாயம்.

கையில் ஒன்றோ இரண்டோதான் என்றால் யோசியுங்கள். வைக்கப்போவது எப்படியும் அந்த ஒன்றைத்தான். சோதனை அங்கே ஒன்றைத்தான் செய்ய முடியும்: 'வைக்க வேண்டாம்' என்று சொல்வது. கருச்சிதைவைத் தாங்க முடியாது என்பவருக்கு அந்தப் பதிலும் மதிப்புள்ளதுதான். அதை நான் தீர்மானிக்க முடியாது.

6. ரிப்போர்ட்ல மொசைக்னு வந்திருக்கு. பாதி நல்லது பாதி கெட்டதா?

எடுத்த ஐந்தாறு செல்களில் சில சரியாகவும் சில பிசகியும் இருப்பதுபோல் கருவி காட்டுகிறது என்று அர்த்தம். ஒரு கருவுக்குள் இரண்டு வகைச் செல்களும் உண்மையிலேயே இருக்கலாம். அல்லது சோதனைக்காக மாதிரியின் டி.என்.ஏ.-வை நகலெடுத்துப் பெருக்கும்போது வந்த தவறான அடையாளமாகவும் இருக்கலாம். அதோடு, பார்த்தது நஞ்சுக்கொடியாகும் செல்களை (கேள்வி 2). குழந்தையாகும் கொத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட கருக்களைக் குப்பையில் போட்டார்கள். 2015-இல் இத்தாலியில் வேறு கரு இல்லாத 18 பெண்களுக்கு மொசைக் கருவையே வைத்துப் பார்த்தார்கள். ஆறு ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்தன. அதற்குப் பிறகு உலகம் முழுக்க நிறையப் பிறந்திருக்கின்றன. அதனால் முழு நார்மல் கரு இருந்தால் அது முதலில், இல்லையென்றால் மொசைக் கருவைத் தூக்கிப்போடச் சம்மதிப்பதற்கு முன் எந்தக் குரோமோசோம், எத்தனை சதவீதம் என்று ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுங்கள். வைத்தால் பிறகு பனிக்குடநீர்ச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

7. நாங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்க, அவர் என் தாய்மாமா. எல்லா வியாதியையும் பார்த்துடற மாதிரி ஒரு டெஸ்ட் போட்டுடுங்க.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்தில்தான். 'எல்லாவற்றையும்' பார்க்கும் பி.ஜி.டி. இல்லை. 'எம்' சோதனைக்கு எதைத் தேடுவது என்று முன்பே தெரிய வேண்டும்.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம் உங்கள் இருவருடைய ரத்தம். இருவரும் ஒரே மரபணுவில் பிழையைச் சுமக்கிறீர்களா என்று பார்க்கும் 'கேரியர்' சோதனை இருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை: எந்தத் தம்பதிக்கும் குறையுள்ள குழந்தை பிறக்க இரண்டு மூன்று சதவீதம் வாய்ப்பு உண்டு, அத்தை மகன் மாமன் மகள் திருமணத்தில் அதோடு இன்னொரு இரண்டு மூன்று சதவீதம் சேரும். தாய்மாமன் உறவில் இன்னும் சற்றுக் கூடும், ஏனென்றால் இருவருக்கும் பொதுவான மரபணுக்கள் இரட்டிப்பு. கேரியர் சோதனையில் பொதுவாக எதுவும் வரவில்லையென்றால், சொந்தத்தில் கட்டியதற்காக மட்டும் ஐ.வி.எஃப்.-உம் பி.ஜி.டி.-யும் தேவையில்லை.

8. முதல் குழந்தை பிறந்த இருபது நாள்ல தவறிடுச்சு. என்ன வியாதின்னே சொல்லல. அடுத்தது அப்படி ஆகக்கூடாது, கருவுலயே பார்க்கலாமா?

பெயர் தெரியாத நோயைக் கருவில் தேட முடியாது. இதைச் சொல்வதற்குத்தான் எனக்கு மனசே வராது. ஆனால் கதவு முழுக்க மூடிவிடவில்லை. அந்தக் குழந்தையின் ரத்தமோ, தோல் மாதிரியோ, டி.என்.ஏ.-வோ எங்காவது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று அந்த மருத்துவமனையில் கேளுங்கள். பிறந்ததும் குதிகாலில் எடுத்த ரத்தப்பொட்டு அட்டை கூடச் சில நேரம் கைகொடுக்கும். அது கிடைத்தால் 'எக்ஸோம்' சோதனை (மரபணுக்களை மொத்தமாகப் படிப்பது) செய்து மரபணுவைக் கண்டுபிடிக்க வாய்ப்பிருக்கிறது. எதுவுமே இல்லையென்றால் பெற்றோர் இருவருக்கும் எக்ஸோம் செய்து, இருவரிடமும் பொதுவாக உள்ள பிழையை வைத்துப் பின்னோக்கி ஊகிக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, மூளை ஸ்கேன், அம்மோனியா அளவு என்று அந்த இருபது நாள் காகிதம் ஒவ்வொன்றும் அப்போது தேவைப்படும். துக்கத்தில் அவற்றை எரித்துவிட்ட குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து வைத்திருங்கள்.

இப்போது ஐ.சி.யூ.-வில் குழந்தை இருக்கும் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயம். நோய் புரியவில்லை, நிலைமையும் மோசம் என்றால், டி.என்.ஏ.-வைச் சேமித்து வைக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சில மில்லி ரத்தம் போதும்.

எக்ஸோம் ரிப்போர்ட்டில் 'முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்' என்று வந்தால் அவசரப்பட வேண்டாம். அந்த மாற்றம்தான் நோய்க்குக் காரணம் என்று உறுதியாகாமல் அதை வைத்துக் கருக்களைக் கழித்தால், நல்ல கருவை எறிந்துவிட்டு நோயுள்ளதை வைக்கும் நிலை வரலாம்.

9. எங்க ரெண்டு பேருக்கும் தலசீமியா மைனர். ஒரு தடவை முட்டை எடுத்தா எத்தனை கரு மிஞ்சும்?

தலசீமியா மைனர் என்றால் கேரியர், அதாவது பிழையைச் சுமப்பவர். இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வரும், நான்கில் இரண்டு பங்கு உங்களைப் போலவே கேரியர், ஒரு பங்கு எதுவும் இல்லாதது. ஆகச் சராசரியாக நான்கில் மூன்று கரு வைக்கத் தகுந்தது. ஆனால் சராசரி என்பது பெரிய எண்ணிக்கைக்குத்தான் பொருந்தும். நான்கு கருவில் மூன்று நோயுள்ளதாக வந்த தம்பதியும் உண்டு. பன்னிரண்டு முட்டை எடுத்தால் மூன்று நான்கு பிளாஸ்டோசிஸ்ட் கிடைப்பதே வழக்கம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

முட்டை எடுப்பதற்கு முன்பே ஆய்வகம் உங்கள் குடும்பத்துக்கென்று தனியாகச் சோதனையை அமைக்கும். அதற்கு உங்கள் இருவருடைய ரத்தம், நோயுள்ள குழந்தை இருந்தால் அதனுடையது, இல்லையென்றால் உங்கள் பெற்றோருடையது வேண்டும். பிழையை மட்டும் பார்க்காமல் அதைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. அடையாளங்களையும் சேர்த்துப் பார்ப்பதுதான் காரணம். சில செல்களிலிருந்து எடுத்த டி.என்.ஏ.-வில் தாய்வழி, தந்தைவழிப் பிரதிகளில் ஒன்று சோதனையில் பெருகாமலே போய்விடலாம், அப்போது நோயுள்ள கருவும் நல்லதுபோலத் தெரியும். இந்த முன்வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். மாமனாரிடம் ரத்தம் கேட்கச் சங்கடப்பட்டு விஷயத்தை மறைத்தே ஐ.வி.எஃப்.-ஐத் தொடங்கிவிட்டு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. முதலில் வீட்டில் பேசுங்கள்.

10. கேரியர்னு வந்த கருவை வைக்கலாமா? எறிஞ்சிடணுமா?

தாராளமாக வைக்கலாம். கேரியர் என்றால் நீங்கள்தான். நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்? அந்தக் குழந்தை வளர்ந்து திருமணம் செய்யும்போது இணையையும் சோதித்துக்கொண்டால் போதும். 'சுத்தமான' கருதான் வேண்டும் என்று கேரியர் கருக்களைத் தள்ளினால் வைக்கத்தக்கவற்றில் மூன்றில் இரண்டு பங்கை நீங்களே தூக்கிப்போடுகிறீர்கள்.

11. மூத்தவனுக்குத் தலசீமியா மேஜர், மாசாமாசம் ரத்தம் ஏத்தறோம். அவனுக்கு மஜ்ஜை குடுக்கற மாதிரி தம்பியோ தங்கச்சியோ பெத்துக்கலாம்னு கேள்விப்பட்டோம்.

முடியும். நோயும் இல்லாமல், அண்ணனோடு எச்.எல்.ஏ. எனப்படும் திசுப் பொருத்தமும் உள்ள கருவைத் தேர்ந்தெடுப்பது. அமெரிக்காவில் 2000-லேயே இப்படி ஒரு குழந்தை பிறந்தது. இந்தியாவில் அகமதாபாத்தில் 2018-இல் பிறந்த ஒரு பெண் குழந்தை பிறகு தன் அண்ணனுக்கு மஜ்ஜை கொடுத்தது.

கணக்கு மட்டும் கடினம். நோயில்லாதது நான்கில் மூன்று, பொருந்துவது நான்கில் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் 16 கருவில் மூன்று. கேள்வி 9-இல் சொன்ன எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால், பலருக்கு இரண்டு மூன்று முறை முட்டை எடுக்க வேண்டியிருக்கும். இருக்கும் உறவினரில் பொருந்துபவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பிறகு, மூத்தவனுக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை பலிக்காமல் போனாலும் இந்தக் குழந்தை எங்களுக்கு வேண்டும் என்று இருவராலும் சொல்ல முடிகிறதா என்று உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

12. டெஸ்ட்ல ஆணா பொண்ணான்னு தெரியும்ல? சும்மா காதுல சொல்லிடுங்க மேடம்.

கருவியில் தெரியும். சொல்ல மாட்டோம், ரிப்போர்ட்டிலும் வராது. பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் 2003-இல் திருத்தப்பட்டபோது, கருத்தரிக்கும் முன் செய்யும் தேர்வும் அதற்குள் வந்துவிட்டது. கேட்கும் உறவினருக்கும் மூன்று வருடம் வரை சிறை உண்டு. செயற்கைக் கருத்தரிப்பு முறைகளை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பாலினம் தேர்ந்து தருவதாக விளம்பரம் செய்பவருக்கு ஐந்து முதல் பத்து வருடம் வரை சிறையோ, 10 முதல் 25 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

13. எங்க குடும்பத்துல டுஷேன் இருக்கு, பசங்களுக்குத்தான் வரும். அப்ப பொண்ணு கருவை மட்டும் வைக்கச் சொல்றது தப்பா?

நியாயமான கேள்வி. 1990-இல் லண்டனில் செய்ததும் அதுதான், பிழையை நேராகப் படிக்கும் வசதி அன்றைக்கு இல்லை. இன்று அந்த மரபணுவையே பார்க்க முடிகிறது. தாய் கேரியர் என்றால் பையன் கருக்களில் பாதி நல்லவை, அவற்றை ஏன் இழக்க வேண்டும்? ஆய்வகம் 'பாதிப்பு உண்டு' அல்லது 'இல்லை' என்று மட்டும் எழுதும்.

இன்னொன்று: டுஷேன் குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது தாயிடமிருந்து வந்ததல்ல, புதிதாக உண்டான பிழை. அதனால் முதலில் தாயைச் சோதிக்க வேண்டும். ஆனால் தாயின் ரத்தத்தில் இல்லையென்று வந்தாலும் முட்டைகளில் சிலவற்றில் அது இருக்கலாம். எனவே அடுத்த கர்ப்பத்தைச் சோதிக்காமல் விட வேண்டாம்.

14. டெஸ்ட் பண்ணின கருவைத்தானே வெச்சிருக்கு. அப்புறம் எதுக்கு ஸ்கேன், ஊசியெல்லாம்?

பி.ஜி.டி. பார்த்தது, தேடச் சொன்னதை மட்டும். இதயத்தில் ஓட்டை, பிளந்த உதடு, ஆட்டிசம் எதையும் அது பார்க்கவில்லை. அதனால் 11-13 வார ஸ்கேனும் ஐந்தாம் மாத ஸ்கேனும் எல்லாரையும் போலவே உங்களுக்கும். 'எம்' செய்தவர்களுக்குத் தவறு நேரும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை (கேள்வி 9-இல் சொன்ன காரணம்). அதனால் நஞ்சுக்கொடித் திசுவோ பனிக்குடநீரோ எடுத்து உறுதி செய்வது நல்லது. ஊசிக்குப் பயந்து வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை, தெரிந்து எடுத்த முடிவாக இருந்தால் சரி.

15. அமெரிக்காவுல கருவுலயே அறிவு, உயரம் எல்லாம் பார்த்துச் செலக்ட் பண்றாங்களாம். நம்ம ஊருக்கு எப்ப வரும்?

அங்கே விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன, உண்மை. உயரமும் அறிவும் ஒரு மரபணுவில் இல்லை, ஆயிரக்கணக்கான இடங்களில் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைக் கூட்டி ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். 2019-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பத்துக் கருவில் சிறந்ததைத் தேர்ந்தாலும் உயரத்தில் சராசரியாகக் கிடைப்பது இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். நிறையப் பிள்ளைகள் பெற்று வளர்த்த 28 குடும்பங்களைப் பார்த்ததில், மதிப்பெண் உயரமானவர் என்று சொன்ன பிள்ளை உண்மையிலேயே உடன்பிறந்தவர்களில் மிக உயரமாக இருந்தது ஏழு குடும்பங்களில் மட்டும்.

இந்தியாவில் சட்டமே இதற்கு இடம் தரவில்லை. ஏற்கெனவே தெரிந்த பரம்பரை அல்லது மரபணு நோய்களுக்காகக் கருவைச் சோதிக்கலாம் என்பதுதான் 2021 சட்டம் சொல்வது.

16. செலவு எவ்வளவு ஆகும்?

ஊருக்கு ஊர் மாறும், அதனால் தொகை சொல்லவில்லை. பில்லில் எதெல்லாம் தனித்தனி என்று கேளுங்கள்: பயாப்ஸி, கரு ஒன்றுக்கான சோதனை, உறைய வைப்பது, பிறகு எடுத்துக் கர்ப்பப்பையில் வைப்பது. 'எம்' என்றால் குடும்பத்துக்கான முன்வேலைக்கும் தனிக் கட்டணம், அது பொதுவாக ஒரு முறைதான். 'ஏ'-வும் சேர்த்தே செய்து தருகிறோம் என்பார்கள். தேவையா என்பதற்குக் கேள்வி 4, 5 பார்க்கவும்.

17. எங்களுக்கு ரெண்டு குழந்தை ஆயிடுச்சு. மீதி மூணு கரு உறைஞ்சு கெடக்கு. என்ன பண்றது?

சட்டப்படி பத்து வருடம் வரை வைத்திருக்கலாம். வருடாந்திரக் கட்டணம் கட்ட மறக்காதீர்கள். முகவரியோ போன் நம்பரோ மாறினால் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள், தகவல் போய்ச் சேராமல் சிக்கலாகிறது. நோயுள்ளவை என்று வந்த கருக்களை இருவர் சம்மதத்தோடு அங்கீகரிக்கப்பட்ட ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம், அல்லது அழிக்கச் சொல்லலாம். நல்ல கருக்களைப் பற்றி நானாக எதுவும் சொல்வதில்லை. இருவரும் சேர்ந்து முடிவெடுத்து எழுத்தில் கொடுங்கள், ஒருவர் கையெழுத்து மட்டும் செல்லாது.